பலவேசம் செஞ்ச அருவாள்

சித்த நவுந்துக்கறீங்களா? ரெண்டு பேர் சீட்டுதானுங்களே. ஆங், போதுமுங்க. கோர்ட்டு வரைக்கும் நின்னுட்டே போகோணுமோன்னு பாத்தேன். பதினோரு மணிக்குக் கூப்புடுவாங்க. சாட்சி சொல்லப் போறனுங்க. நம்ம மேல கேஸ் ஒண்ணுமில்லீங்க, நாம கேஸ் குடுத்தவங்க.

நீங்க எந்த ஊருங்க? சங்கரன்கோயிலுங்களா! பாத்தாத் தெரியலீங்களே. தப்பா நெனைச்சுக்காதீங்க. கண்ணாடி போட்டுட்டு, மொழுமொழுன்னு சேவிங் பண்ணிட்டு, பேங்க் ஆபீசராட்ட இருக்கீங்க. பேங்க்லதானுங்களா? அதான பாத்தேன். உங்க பக்கத்துலயும் நல்லவங்க இருக்காங்கன்னு நான் எப்பவும் சொல்றதுதானுங்க. என்ர மச்சினன் தனசேகருதான் ஒத்துக்க மாட்டான்.

கேஸு உங்க ஊர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன் மேலதானுங்க. சொன்னா நீங்க வருத்தப்படக் கூடாது. கொலை முயற்சி. யாரக் கொல்லறதுக்குங்கறீங்க? என்னையத்தான்!

என்ர பேரு குழந்தைவேலுங்க. பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள போனா நம்ம பட்டறை. நாலு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், பம்ப்செட்டுக்குச் சாஃப்ட் கடையறோம். அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு ஆளு வந்து நின்னானுங்க. கருப்பா, ஒசரமா, இந்த மொத்தத்துக்கு மீசை. பேரு பலவேசம். ஊரு எங்கடான்னேன், நாங்குநேரிக்கு அக்கட்டால என்னமோ ஒரு ஊர் சொன்னான். தனசேகரு என்ர காதுல, "மாமா, வேண்டாம், இவனுக பேசறதுக்கு முன்னாடி அருவாள எடுக்கற ஆளுக"ன்னான். எனக்கும் தெரியாமயாங்க? நாம பாக்காத சினிமாவா? உங்க ஊர்னு ஒரு ரோட்டக் காட்டுனாலே பின்னாடி நாலு பேரு அருவாளோட ஓடறான்.

ஆனா நான் சேத்துக்கிட்டனுங்க. ஏன்னா எனக்கு அப்ப அப்படி ஒரு ஆளு தேவைப்பட்டுது. பக்கத்துப் பட்டறைக்காரன் சாக்கடைய எங்க பக்கம் திருப்பி உட்டுட்டு, கேட்டா மொறைச்சுட்டு இருந்தான். நான் பலவேசத்தக் கூட்டிட்டுப் போயி, "நீ ஒண்ணும் பேசாத, என்ர பின்னால நில்லு"ன்னேன். அவன் சாப்புட்டுட்டு இருந்தவன், டிபன் டப்பாவோட வந்து நின்னான். நான் சொன்னதெல்லாம், "இவரு திருநெல்வேலிப் பக்கமுங்க"ங்கற ஒரே வார்த்தை. அடுத்த நாள் சாக்கடை திரும்பிருச்சு! பலவேசம் எங்கிட்ட வந்து, "மொதலாளி, பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி என்னயக் கண்டா ஏன் எந்திரிச்சு நிக்காக? எனக்குக் கூச்சமா இருக்கு"ங்கறான். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சுங்க.

வேலைல கில்லாடி. அத இல்லேங்க மாட்டேன். ஒரு நூல் பிசகாது. ஆனா ஆளு ஒரு மாதிரிங்க. ஒருக்கா ஒரு பையனுக்கு டிரில்லிங்ல வெரல் நசுங்கிப் போச்சு. ரத்தத்தப் பாத்ததும் இவன் மயக்கம் போட்டு விழுந்துட்டான். வெரல் போனவன உட்டுட்டு இவனுக்குத் தண்ணி தெளிச்சோம். தனசேகரு சொன்னான், "மாமா, நடிக்கறான்"னு. அப்படித்தானுங்க இருக்கோணும். அந்த மீசைக்கு மயக்கமெல்லாம் வருமா?

நானும் அவன நெம்ப மரியாதையா வெச்சிருந்தனுங்க. எங்கூர்ல நாயக்கூட வாங்க போங்கன்னுதானுங்க கூப்புடுவோம். அவனுகதான் எடுத்ததும் ஏலே, வாலே. போனுல அவன் தம்பிகிட்டப் பேசறதக் கேட்டா, அவிங்களுக்குள்ள வெட்டுக்குத்துன்னு நெனைப்பீங்க. கடைசில பாத்தா, சாப்டியாலன்னு கேட்டுட்டு இருப்பான்.

போன வருசம் ஆனி மாசமுங்க. வந்து எட்டு நாள் லீவு கேட்டான். எதுக்குன்னேன். ஆடில ஊர்ல கோயில் கொடை, சாமி திருவிழான்னான். ஆடிக்குள்ள ஐநூறு சாஃப்ட் குடுத்தாகோணும், அவன உட்டா எனக்கு ஆளில்லை. முடியாதுன்னேன். மக்யா நாளும் கேட்டான். முடியாதுன்னேன். மூணாவது நாள் ஆளுக எல்லார்த்துக்கும் முன்னால வந்து, "மொதலாளி, இந்த வருசம் போகாம இருக்க முடியாது, முடியாதுன்னு சொல்லிராதிய"ங்கறான். எல்லார்த்துக்கும் முன்னாலங்க! எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. ஒரு அறை உட்டேன். ஒண்ணே ஒண்ணு. கீழ விழுந்தான். விழுந்தவன ஒரு ஒதை. கையில இஸ்டீல் ஸ்கேல் இருந்துது, அதுல ரெண்டு. அவ்வளவுதானுங்க. எங்கப்பன் என்னைய அடிச்சதுல கால்வாசி கூட இல்லை. கெட்ட வார்த்தை ஒண்ணு நான் பேசலை, அத நீங்க கவனிக்கோணும்.

அவன் எந்திரிச்சான். உதட்டுல ரத்தம். தொடைச்சான். லேத்தப் போட்டு வேலை செய்ய ஆரம்பிச்சுட்டான்.

அதுதானுங்க எனக்குப் பயமாப் போச்சு. நம்ம ஊர்க்காரனா இருந்தா, அழுவான், இல்ல துணிய எடுத்துட்டுக் கெளம்புவான். இவன் ஒண்ணுமே செய்யலை. அந்தப் பக்கத்து ஆளு அடிய வாங்கிட்டுச் சும்மா இருந்தா அதுக்கு என்ன அர்த்தமுங்க? மனசுக்குள்ள நாள் குறிக்கறான்னுதான அர்த்தம்? தனசேகரும் அதையேதான் சொன்னான்.

ஏனுங்க, பையில கைய உடறீங்க? ஓ, தண்ணி பாட்டலுங்களா. குடிங்க, குடிங்க. இந்த கேஸு வந்ததுல இருந்து யாராச்சும் வெடுக்குனு கைய அசைச்சா எனக்குத் தூக்கிப் போடுதுங்க. என்ர நெலமையப் பாருங்க.

அப்பறம் ஒரு நாள் மத்தியானம். எல்லாரும் சோறு திங்கறானுக, இவன் மட்டும் மூலைல கிரைண்டருக்கிட்ட நிக்கறான். போயிப் பாத்தா, லாரிப் பட்டை ஒண்ணு. லாரிக்கு அடியில அடுக்கடுக்கா வளைஞ்சு இருக்குமில்லீங்க, வில்லு, அதுல ஒண்ணு. அத அருவாளா அடிச்சு வெச்சிருக்கான்! இம்புட்டு நீளம். என்ர நெஞ்சு வரைக்கும் வருமுங்க. வளைவு, மூக்கு, எல்லாம் அச்சு அசலா. கல்லுல தேச்சுத் தேச்சு மினுக்கிட்டு இருக்கான்.

ரெண்டடி பின்னால போயி நின்னுக்கிட்டேன். "யாருக்கு இது?"ன்னு கேட்டேன். அவன் ஒரு சிரிப்பு சிரிச்சானுங்க. "அத வாயத் தொறந்து சொல்லப்புடாது மொதலாளி. ஆடி பொறக்கட்டும், உங்களுக்கே தெரிஞ்சுரும்"னான்.

நீங்களே சொல்லுங்க. அறை வாங்குனவன். அருவா செய்யறான். யாருக்குடான்னு கேட்டா உனக்கே தெரியுங்கறான். நான் என்னன்னு எடுத்துக்கறது? இப்ப அவன் வக்கீல் கோர்ட்டுல கேக்கறாரு, லாரிப் பட்டைய அடி வாங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே மொதலாளிகிட்டக் கேட்டுத்தான எடுத்தான்னு. கேட்டானுங்க. பழைய இரும்புல கெடந்தது, எடுத்துக்கன்னு நாந்தான் சொன்னேன். அவன் அத வெச்சு அருவாதான் செய்வான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

அன்னைல இருந்து மேசைக்கு அடியில ஒரு ஒன்றரை இஞ்சு பைப்பு போட்டு வெச்சேன். தனசேகருகிட்ட ஒரு சம்மட்டி. நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்காதவனுங்க. தற்காப்பு.

ஆனி கடைசி வெள்ளிக்கெழமை. பகல் பன்னண்டு மணி இருக்கும். நான் ஆபீஸ் ரூம்ல. கதவத் தட்டாம வந்து நிக்கறான் பலவேசம். தண்ணி வாத்துட்டு வந்திருக்கான், தலையெல்லாம் ஈரம். நெத்தி நெறைய துந்நூறு. காலுல செருப்பு இல்லை. அந்த அருவாள மஞ்சத் துணில சுத்தி ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிச்சிருக்கான். என்னையப் பாத்ததும் துணிய உருவுனான். அருவாள ரெண்டு கையாலயும் எனக்கு நேரா நீட்டுனான்.

நான் பைப்பால போட்டேன்.

மொத அடி தோள்ல. அருவா தெறிச்சு அக்கட்டால போயி விழுந்துது. ரெண்டாவது அடி மண்டைல. ரத்தம் மேசை மேல, பில்லு மேல, சாமி படத்து மேல எல்லாம் தெறிச்சுது. அவன் உக்காந்துட்டான். உக்காந்துக்கிட்டு ரெண்டு கையையும் ஏந்துன மாதிரியே வெச்சுட்டு, "தொட்டுக் குடுங்க மொதலாளி, தொட்டுக் குடுங்க போதும்"ங்கறான். பைத்தியமாட்ட. அதுக்குள்ள தனசேகரு வந்துட்டான். வலது கைய இழுத்துச் செமண்டுத் தரைல வெச்சு, மணிக்கட்டு மேல சம்மட்டிய எறக்குனான். ஒண்ணு. ரெண்டு. மூணாவது அடிக்கு எலும்புச் சத்தமே வரலீங்க, சதச்சதன்னு ஆயிப்போச்சு. நான் முதுகுல போட்டுட்டே இருந்தேன். எத்தனைன்னு தெரியாது. கை ஓஞ்சு போனப்பறம்தான் நிறுத்துனேன். நிறுத்தி, மூச்சு வாங்கிட்டு, "போதுமுங்க தனசேகரு"ன்னேன். அப்பக்கூட மச்சினன வாங்க போங்கன்னுதான்.

அவன் கத்தலீங்க. ஒரு தடவை திருப்பி அடிக்கலை. எங்களத் தள்ளி உடக்கூட இல்லை. ஆளு என்ர மாதிரி ரெண்டு ஆளு இருப்பான், நெனைச்சிருந்தா எங்க ரெண்டு பேரையும் தூக்கிச் செவுத்துல அடிச்சிருப்பான். ஏன் அடிக்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. மத்த ஆளுகெல்லாம் ரூமுக்கு வெளிய நின்னு பாத்தானுக, ஒருத்தனும் உள்ள வரலை.

போலீஸ் வந்தாங்க. அருவாளப் பாத்தாங்க. ஆளு எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். "தப்பிச்சீங்க சார்"னாங்க. அவ்வளவுதானுங்க விசாரணை. பேப்பர்ல என்ர பேரு, பட்டறை பேரு எல்லாம் சரியாப் போட்டிருந்தாங்க. அவன் பேரு போடலை, 'தென் மாவட்டத் தொழிலாளி அரிவாளுடன் பாய்ந்தார்'னு மட்டும் போட்டிருந்துது. ஊரச் சொன்னாப் போதுமே, பேரு எதுக்கு? பட்டறை ஓனருங்க எல்லாம் சேந்து எனக்குச் சால்வை போத்துனாங்க. பக்கத்துப் பட்டறைக்காரன், சாக்கடைக்காரன், அவனே வந்து கட்டிப் புடிச்சுட்டு அழுதான்.

இங்க முடிஞ்சிருக்கோணுமுங்க. முடிய உட்டாங்களா?

அவன் சம்சாரம் ஒருத்தி. முப்பிடாதின்னு பேரு. போன மாசம் எங்கூட்டுக்கு வந்து நிக்கறா, இடுப்புல ஒரு கைக்கொழந்தையோட. நான் பயந்து போயிக் கேட்டுக்கு உள்ள இருந்தே, என்னம்மான்னேன். பணம் கேப்பாளோ, கேஸ வாபஸ் வாங்கச் சொல்லுவாளோன்னு நெனைச்சேன். அதெல்லாம் கேக்கலை. அந்த அருவாள வாங்கிக் குடுங்கங்கறா!

கல்யாணமாகி ஒம்பது வருசம் அவங்களுக்குக் கொழந்தை இல்லீங்களாம். அவிங்க ஊருச் சாமிக்கு அருவா செஞ்சு வெக்கறதா பலவேசம் வேண்டியிருக்கான். இவ கர்ப்பமானதும் செய்ய ஆரம்பிச்சிருக்கான். அவிங்க குடும்பத்துல ஒரு மொறையாம், சாமி முன்னால வெக்கற வரைக்கும் அது யாருக்குன்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். அப்பறம், எந்தக் கையில கூலி வாங்கிச் சாப்புடறானோ அந்தக் கையால தொட்டுக் குடுத்துத்தான் ஊருக்கு எடுத்துட்டுப் போகோணுமாம். "அவுக கை ராசியான கை, அவுகதாம் தொட்டுக் குடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நாந்தாம் சொன்னேன், அடிச்ச ஆளுட்டப் போவாதியன்னு. பெரியவுக கோவத்துல அடிப்பாக, அதுக்கென்னன்னாரு"ன்னு சொல்லிட்டு நிக்கறா. அழுகக்கூட இல்லைங்க. "கை போச்சு, போவட்டும். வேண்டுதல் முடியாம புள்ளைக்கு முடி எறக்க முடியல. அருவாள மட்டும் வாங்கிக் குடுங்க"ங்கறா. கொழந்தைக்குத் தலை நெறைய முடி, கண்ண மறைச்சுட்டுக் கெடக்குது.

நான் சொன்னனுங்க, அது கோர்ட்டுச் சொத்தும்மா, நான் எப்படித் தர முடியும்னு. ஞாயந்தானுங்களே? ஆனா என்ர சம்சாரம் சரசு பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டா. அன்னைல இருந்து எங்கிட்டப் பேசறது இல்லீங்க. சோத்தப் போட்டு வெச்சுட்டு அக்கட்டாலப் போயிருவா. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ, யாரோ ஒரு திருநெல்வேலிக்காரிக்காக! என்ர மனசு என்ன பாடுபடும்? அத ஒருத்தரும் நெனைக்கறது இல்லை.

என்ன கேக்கறீங்க? வண்டிச் சத்தத்துல...

கூர் இருந்துதான்னா?

ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க? உங்க பக்கத்துலயும் அப்படித்தானுங்களா? சாமிக்கு வெக்கற அருவாளுக்குக் கூர் வெக்க மாட்டாங்களா?

நல்லாக் கேட்டீங்க. ஒண்ணே கால் வருசமா ஒருத்தரும் இந்தக் கேள்வியக் கேக்கலை. போலீஸ் கேக்கலை, பேப்பர்காரன் கேக்கலை, சரசு கூடக் கேக்கலை. நீங்க இன்னும் கொஞ்ச நேரத்துல எங்கியோ எறங்கிப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன.

இல்லீங்க. கூர் இல்லை.

அவன அடிச்சுப் போட்டுட்டு, அந்த அருவாள எடுத்தேன். எடுத்ததும் கட்டை வெரல வாய்மேல வெச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். முப்பது வருசமா டூல் தீட்டற கைங்க, தானா வெரல் போயிருச்சு. கரண்டி முதுகாட்ட மழுங்கல். அதுல ஒரு வெண்டைக்காயக்கூட நறுக்க முடியாது. தனசேகரும் தொட்டுப் பாத்தான். அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மாமா, போலீஸ் இதப் பாத்தா நம்மள உள்ள வெச்சுருவானுக"ன்னான். எனக்கு சரசு ஞாபகம், பட்டறை ஞாபகம். என்ன செய்வீங்க நீங்களா இருந்தா?

கிரைண்டரப் போட்டேன். பத்தே நிமிசம். பொறி பறக்குது. ரெண்டு பக்கமும் பதமாப் புடிச்சு, முடி வெச்சாக்கூட அறுத்துக்கற மாதிரி கூர் வெச்சேன்.

அப்பத்தானுங்க அவன் கத்துனான். கை சதைஞ்சப்பக் கத்தாதவன், அந்தச் சத்தங் கேட்டுக் கண்ணத் தொறந்து பாத்துட்டு, பலி குடுக்கற கெடாயாட்டக் கத்துனான். "மொதலாளி, அது சாமி அருவா, கூர் வச்சிராதிய, கூர் வச்சிராதிய"ன்னு ஒத்தக் கையால தரையப் புடிச்சு ஊந்துட்டு வர்றான். ரத்தக் கோடு போட்டுக்கிட்டு என்ர காலு வரைக்கும் வந்துட்டான். நான் காலால தள்ளி உட்டுட்டு இன்னொரு பக்கத்தத் தீட்டுனேன்.

அவன் சொன்னது கிரைண்டர் சத்தத்துல எனக்குக் கேக்கலைன்னு வெச்சுக்கங்களேன். நானும் அப்படித்தான் வெச்சுட்டு இருக்கேன்.

சரி, உடுங்க. வெளிய நின்னு பாத்தவனுக என்ர கையில கூலி வாங்கறவனுக, பலவேசம் சொன்னா அருவாளோட வந்தவன் பேச்ச எவன் நம்புவான்? ஏழு வருசமாவது உள்ள போவான்னு எங்க வக்கீல் சொல்றாரு, என்ர சாட்சி மட்டும் சரியா இருந்தா. கூண்டுல ஏத்தி அருவாளக் காட்டுவாங்க. இதுல கூர் இருந்துதான்னு கேப்பாங்க. இருந்துதுங்கன்னு சொல்லுவேன். பொய் இல்லீங்களே? போலீஸ் வந்தப்ப இருந்துதில்லீங்க.

கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சு. வரட்டுங்களா. மனசுல இருந்தத எறக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க, நெம்ப சந்தோசம்.

ஏனுங்க, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? டவுன்ஹாலுக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க, நான் பாத்தனே. ஏனுங்க? வண்டி கெளம்பிருச்சுங்க, ஏறிக்குங்க. பலவேசத்தோட வக்கீல் பேரு உங்களுக்கு எதுக்குங்க?